கோணி ஊசியில் தைத்த ரவிக்கை

சந்தனராஜ் ஒருவன் கன்னத்தில் அறைந்தால் அந்தச் சத்தம் அறந்தாங்கி வரைக்கும் கேட்கும். வாங்கியவனுக்கு மட்டும் மூன்று நாள் கழித்துத்தான் கேட்கும். காது அதற்கப்புறம்தான் திறக்கும். ஆவூருக்குக் கிழக்கே ஏழெட்டு ஊர்களில் கடைவாய்ப் பல் இல்லாத ஆம்பிளையைப் பார்த்தால், "எப்ப, சந்தனமா?" என்று விசாரிப்பதே வழக்கமாகிவிட்டது. வயசாகிப் பல் தானாக உதிர்ந்த கிழவர்கள்கூட அவன் பேரைச் சொல்லிக்கொண்டார்கள். அதில் ஒரு கௌரவம் இருந்தது.

அப்பேர்ப்பட்டவன் ஐம்பத்தெட்டாம் வருசப் பொங்கலுக்கு முன்னால் மூன்று வாரம், மாட்டுக்கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெண்டாட்டிக்கு ரவிக்கை தைத்தான்.

எல்லாம் கிறிஸ்மஸ் பூசையில் வந்த வினை. நன்மை வாங்க வரிசையாக முழந்தாளிட்டிருந்த பெண்கள் எல்லாரும் கை குவித்திருக்க, அவன் பெண்டாட்டி ஞானமணி மட்டும் வலது கையால் இடது முழங்கையைப் பொத்திக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த ரவிக்கை. அவளிடம் இருந்த ஒரே நல்ல ரவிக்கை. முழங்கையில் ஒரு எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. சாமியார் நாக்கில் அப்பம் வைத்தபோதும் அவள் கையை எடுக்கவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து சந்தனராஜ் அதைப் பார்த்தான். ரத்தம் தலைக்கு ஏறியது. யாரை அடிப்பது என்று சுற்றும்முற்றும் பார்த்தான். அடிக்க ஆள் இல்லை. மழை பொய்த்துக் கடலைக்கொடி காய்ந்து போனதற்கு எவன் மூக்கை உடைப்பது? அடித்துத் தீர்க்க முடியாத சங்கதி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோயிலில் ஏழைகளுக்குக் கொடுத்த அமெரிக்கா மாவு வந்த மூட்டைத் துணி வீட்டில் ஒன்று கிடந்தது. நல்ல கெட்டித் துணி. கொடியில் காய்ந்த அவளுடைய பழைய ரவிக்கையின் மேல் ஈர்க்கை வைத்து வைத்து ஒடித்து அளவெடுத்தான். கை நீளத்துக்கு ஒரு ஈர்க்கு, முதுகுக்கு ஒரு ஈர்க்கு. அவனுக்குப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஊசி, நெல்மூட்டை தைக்கிற கோணி ஊசி. ஒரு சாண் நீளம், நுனி அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். அதனால்தான் தைத்தான். எத்தனையோ காளை குத்தியும் சிந்தாத ரத்தத்தை அந்த ஊசி அவன் விரல்களிலிருந்து சிந்த வைத்தது. வலிக்கும்போதெல்லாம் பக்கத்துத் தூணை ஒரு குத்துக் குத்துவான். மூன்றாம் வாரம் கொட்டகை தெற்கே சாய்ந்துவிட்டது.

தைத்து முடித்து மஞ்சளில் முக்கி எடுத்தான். துணியில் இருந்த நீல எழுத்தெல்லாம் போய்விட்டது. மூட்டையில் அச்சடித்திருந்த, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் மட்டும் முதுகில் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. போகட்டும், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டான். தேங்காய்ச் சிரட்டையை உடைத்து, கல்லில் உரசி உரசி ஐந்து பொத்தான் செய்தான். பொத்தான் ஐந்தும் கண்ணாடி போலப் பளபளத்தன.

இதெல்லாம் பரம ரகசியம். வெளியே தெரிந்தால் என்ன ஆவது? ரவிக்கை தைக்கிற சந்தனராஜ் என்று பச்சைப்பிள்ளைகூட அவன் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போகும். தைத்ததைப் பார்த்த சாட்சி ஒரே ஒரு ஜீவன்தான். அது அவர்கள் வீட்டு ஜல்லிக்கட்டுக் காளை, சம்மனசு. மிக்கேல் சம்மனசு திருநாளன்று பிறந்ததால் அந்தப் பேர். மற்றபடி தேவதூதர்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"வெளிய சொன்னே, கொன்னுபுடுவேன்" என்று அதையும் மிரட்டி வைத்தான்.

ஜல்லிக்கட்டு முடிந்ததும், பிறந்த வீட்டு அண்ணன்மார் எல்லாரும் பார்த்திருக்க, ஞானமணி கையில் அதைக் கொடுப்பது என்று திட்டம். யார் தைத்தது என்று கேட்டால் திருச்சியில் வாங்கியது என்று சொல்லிவிடலாம். ரவிக்கையை இறுக்கமாகச் சுருட்டி, நூலால் கட்டி, காளைக்கு நேர் மேலே கூரையில் செருகினான். அதைவிடப் பத்திரமான இடம் கலெக்டர் ஆபீசில்கூடக் கிடையாது. சம்மனசுக்குப் பக்கத்தில் போய்விட்டு முழுசாகத் திரும்பக்கூடிய மனிதர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்: சந்தனராஜ், அவன் அப்பா ஆரோக்கியமுத்து.

அந்த ஆரோக்கியமுத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருவது மனுசனா, மாட்டுவண்டியா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்வார். ஜல்லிக்கட்டு நாள் விடிந்ததும் மகன் வாடிவாசலுக்கு முளை அடிக்கப் போய்விட்டான். கிழவர் காளையைக் குளிப்பாட்டி, கயிறு எடுக்கக் கூரையைத் தடவினார். கையில் ஒரு சுருட்டு அகப்பட்டது. மோந்து பார்த்தார். மஞ்சள் வாசம். நூல் முடிச்சு. ஜல்லிக்கட்டுக் காலை. காளைக்கு நேர் மேலே. இதைக் கொம்புத் துணி இல்லை என்று நினைக்கிறவன் அந்தச் சீமையில் பிறந்தவனாக இருக்க முடியாது. புதுத் துணியை மஞ்சளில் நனைத்துச் சுருட்டிக் கொம்பில் கட்டுவதுதானே வழக்கம்?

"பயலுக்கு எம்புட்டுப் பொறுப்பு" என்று பூரித்து, வலது கொம்பின் அடியில் ஏழு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினார்.

திடலில் நாலாயிரம் பேர் கூடியிருந்தார்கள். கணக்கெடுத்தவர்கள் நாற்பதாயிரம் என்றார்கள். விதி ரொம்பச் சுருக்கம். திமிலை அணைத்து மூன்று துள்ளுக்குத் தொங்குகிறவனுக்குக் கொம்புத் துணி சொந்தம். காளையின் வீட்டு ஆள் திடலுக்குள் அந்தக் காளையைத் தொடக் கூடாது. தொட்டால் அது விழுந்த மாடு. பிறகு எந்த வாடிவாசலிலும் அவிழ்க்க விட மாட்டார்கள். சம்மனசு ஆறு வருசமாக ஒருத்தன் கையும் திமிலில் படாமல் நின்ற மாடு. ஆரோக்கியமுத்துக்குக் கண் போன பிறகு மிச்சமிருந்த வெளிச்சம் அது ஒன்றுதான்.

அந்தக் காளைக்காகவே ஒருத்தன் ஒரு வருசமாகக் காத்திருந்தான். பேர் ராக்கன், பக்கத்து ஊர்க்காரன். போன வருசம் சம்மனசின் கொம்பு அவனுடைய இடது கன்னத்தில் நுழைந்து, வலது கன்னத்தில் எட்டிப் பார்த்து, பிடிக்காமல் திரும்பிப் போயிருந்தது. அன்றிலிருந்து காபி குடித்தால் மூன்று பக்கம் ஒழுகும். முளை அடித்துக்கொண்டிருந்த சந்தனராஜிடம் நேராக வந்து நின்றான்.

"என்ன சந்தனம், ஒந்தம்பி வாரானா இன்னைக்கி?"

"வாரான். ஒங்கன்னத்துல ஓட்டை அடைஞ்சுபோச்சான்னு கேட்டான்."

"கேக்கட்டும். இன்னைக்கி அவன் கொம்புத் துணியத் தலப்பாவா கட்டிக்கிட்டு ஒங்க தெருவுல மூணு தடவ அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கப்போறேன். மூணாந் தடவ ஒங்க வீட்டு வாசல்ல நின்னு மோர் வாங்கிக் குடிப்பேன்."

"குடி. ஒழுகாமக் குடிச்சியன்னா மோர் இனாம்."

அங்கேயே அடித்திருப்பான். ஆனால் பெண்கள் உட்கார்ந்திருந்த மாட்டுவண்டியிலிருந்து ஞானமணி பார்த்துக்கொண்டிருந்தாள். கிழிந்த முழங்கையை முந்தானையால் மூடியிருந்தாள். சாயங்காலத்துக்குமேல் அவள் அந்தக் கையை மூட வேண்டியிருக்காது என்று நினைத்ததும் அவனுக்குக் கோபம் இறங்கிப்போயிற்று.

பத்து மணிக்கு வாடிவாசல் திறந்தது. முதல் காளை இரண்டு பேரைப் புளியமரத்தில் ஏற்றிவிட்டது, அவர்களாக ஏறவில்லை. இரண்டாவது காளை ஒருத்தன் வேட்டியையும் முன்பல் நாலையும் ஒரே கொம்பில் எடுத்துக்கொண்டு போயிற்று. நாட்டாண்மை ஆத்மநாதன் பரண் மேல் நின்று தகரக் குழாயில் கூவினார்: "அடுத்து வாரது ஆரோக்கியமுத்து வீட்டுச் சம்மனசு. பிள்ளைகுட்டிக்காரன் எல்லாம் தள்ளி நில்லுங்கப்பா. கல்யாணம் ஆகாதவனும் தள்ளி நில்லு, இனிமேயாச்சும் ஆகட்டும்."

சம்மனசு வாசலில் நின்று தலையை ஒரு உதறு உதறியது. கொம்படியில் இருந்த மஞ்சள் சுருட்டு ஒரு ஓரம் பிரிந்தது. வெயிலில் ஒன்று பளிச்சென்று மின்னியது. வட்டமாக, கண்ணாடி போல. சிரட்டைப் பொத்தான்.

சந்தனராஜ் வேலியோரம் நின்ற அப்பாவிடம் ஓடினான்.

"அப்பா, கொம்புல என்னத்தக் கட்டுனீக?"

"நீ எடுத்து வச்சிருந்தியே, அதத்தான்டா. ஏழு முடிச்சு. எமனே வந்தாலும் அவுக்க முடியாது" என்றார் கிழவர் பெருமையாக.

அதற்குள் சம்மனசு பாய்ந்துவிட்டது. எதிரே நின்ற இருபது பேர் இருபது திசைக்குப் போனார்கள். ஒருத்தன் தொடையில் கொம்பு இறங்கி, தூக்கிய வேகத்தில் அவன் ஆத்மநாதனின் பரணுக்கு வந்து, "நாட்டாமை, கும்புடுறேங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கீழே போனான். இன்னொருத்தனுக்கு விலா முறிந்த சத்தம் விறகு பிளக்கிற மாதிரிக் கேட்டது. மண்ணில் ரத்தம் கோலம் போட்டது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ராக்கன் எழுந்தான். ஒரே எம்பில் திமிலை அணைத்துக்கொண்டான்.

"ஒண்ணு" என்றது தகரக் குழாய்.

சந்தனராஜ் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பக்கம் அப்பா. காளையைத் தொட்டால் அந்த மனுசனுக்கு எஞ்சிய வெளிச்சமும் போச்சு. இன்னொரு பக்கம் மஞ்சள் துணி. விட்டால் அது ராக்கன் தலையில் ஏறித் தெருவில் மூன்று நடை நடக்கும். ஞானமணி அடுத்த வருசமும் முழங்கையைப் பொத்திக்கொண்டு முழந்தாளிடுவாள்.

"ரெண்டு."

கையிலிருந்த வேலிக்கம்பு முறிந்தது. அவன் திடலுக்குள் இருந்தான். எப்படிப் போனான் என்று பார்த்தவர்கள் யாருக்கும் தெரியாது. தாண்டியபோது தலைக்கு மேல் காற்றடித்தது என்று மட்டும் சொன்னார்கள்.

இடது கையால் கொம்பைப் பிடித்தான், வலது கையால் ராக்கன் மூக்கில் ஒரு குத்து விட்டான். மூக்கு இருந்த இடம் தட்டையானது. ராக்கன் திமிலை விடாமல் காலால் அவன் அடிவயிற்றில் உதைத்தான். வளர்த்த கை என்றும் பார்க்காமல் சம்மனசு தலையை ஆட்டியதில் சந்தனராஜுக்கு இடுப்புக்கு மேலே மூன்று விலா போயிற்று. மூன்றும் தனித்தனியாக முறிந்தது அவனுக்குக் கேட்டது. அப்படியும் ஏழு முடிச்சில் ஆறை அவிழ்த்துவிட்டான். ஏழாவதைப் பல்லால் கடித்தான். அறுந்தது. துணியின் ஒரு முனை அவன் கையில், ஒரு முனை ராக்கன் கையில். இருவரும் மண்ணில் விழுந்து உருண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைத் தையலாக இருந்தால் முந்நூறு துண்டாகியிருக்கும். இது நெல்மூட்டைத் தையல். ஆள்கள்தான் நீண்டார்களே தவிர, ஒரு இழை நகரவில்லை.

வீட்டு ஆள் மாட்டைத் தொட்டுவிட்டான் என்று ராக்கன் ஊர்க்காரர்கள் இறங்கினார்கள். அவர்கள் இறங்கியதைப் பார்த்துச் சந்தனராஜ் ஊர்க்காரர்கள் இறங்கினார்கள். இரண்டு ஊருக்கும் சம்பந்தமில்லாதவர்கள், வந்தது வந்துவிட்டோம், சும்மா போவானேன் என்று இறங்கினார்கள். மண்டை உடைகிற சத்தம் தேங்காய்ச் சூறை போலத் தொடர்ந்து கேட்டது. கரும்பு விற்க வந்தவனின் கட்டு முழுக்கக் கரும்பு தலைகளில் முறிந்து போனது. ஆரோக்கியமுத்து, "எந்தப் பாவி என் மாட்டத் தொட்டது" என்று கம்பைச் சுழற்றிக்கொண்டு வந்தார். தொட்டவன் என்று நினைத்து அவர் அடித்த அடியெல்லாம் சமாதானம் செய்ய இறங்கிய ஆத்மநாதன் முதுகில் விழுந்தது. சம்மனசு மட்டும் இதெல்லாம் தனக்கு மரியாதை இல்லை என்பதுபோல வீட்டைப் பார்த்து நடந்துவிட்டது.

கடைசியில் ஆத்மநாதன் நசுங்கிய தகரக் குழாயை வாயில் வைத்து, தொண்டை கிழியக் கூவி எல்லாரையும் நிறுத்தினார். நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள்.

"வீட்டு ஆளு தொட்டுட்டான். சம்மனசு விழுந்த மாடு. விழுந்த மாட்டுக்கு மூணாந் துள்ளு கணக்கில்ல. துணி, அணைஞ்சு தொங்குன வெளியாளுக்கு. ராக்கனுக்கு. விடுப்பா சந்தனம், பஞ்சாயத்து பேச்சு."

சந்தனராஜ் விடவில்லை. நாலு பேர் விரல் விரலாகப் பிரித்தார்கள். ஆரோக்கியமுத்து அப்படியே மண்ணில் குந்திவிட்டார். எதற்காக, எதற்காக என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராக்கன் எழுந்து, தலைப்பாகை கட்டத் துணியை உதறினான். மஞ்சள் துணி விரிந்தது. இரண்டு கை. ஒரு கழுத்து. ஐந்து பொத்தான். முதுகில் கை குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். பிறகு அவன் அதைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். இரண்டு பக்கமும் ரவிக்கைக் கைகள் வெள்ளாட்டுக் காது மாதிரித் தொங்கின.

"எந்தச் சாக்குக்கடைக்காரன்டா தச்சான் இத?" என்று மூக்கில்லாத மூக்கால் சிரித்தான். "ஒவ்வொரு தையலும் வெரக்கடை நீளம் இருக்கு. பொம்பளைக்கித் தச்சதா, எருமைக்கித் தச்சதா?"

சந்தனராஜ் மண்ணில் கிடந்தான். சும்மா இருந்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கிழவர் கண் தெரியாமல் எவளுடைய துணியையோ எடுத்துக் கட்டிவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டு போய்விடும். ரவிக்கை போகும்; பேர் நிற்கும். இன்னும் முப்பது வருசத்துக்கு ஏழெட்டு ஊரில் பல்லுக்குப் பல் அவன் பேரைச் சொல்வார்கள்.

முறிந்த விலாவுக்குள்ளிருந்து மூச்சை இழுத்தான்.

"அது எம் பொண்டாட்டிக்கித் தச்சது" என்றான். "நாந்தான் தச்சேன். குடுத்துரு."

அந்தச் சிரிப்பைப் போல அந்தச் சீமையில் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. மண்டை உடைந்தவன் மண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தொடை கிழிந்தவன் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு வலியில் அலறினான். புளியமரத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்ததில் கிளை முறிந்து கீழே வந்தார்கள். சந்தனராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வைத்துக்கொள்ள முயன்றான். நாலாயிரம் முகம். கையைத் தூக்க முடியவில்லை.

வண்டியிலிருந்து ஞானமணி இறங்கினாள். வண்டியின் பக்கத்தில் செருகியிருந்த கம்பு ஒன்றை உருவினாள். நேராக நடந்து வந்தாள். வழியில் நின்றவர்கள் தாமாக ஒதுங்கினார்கள்.

"அண்ணே, அது என்னுதுதான். குடுங்க."

"பிடிச்சவனுக்குத்தான் துணி, ஆத்தா" என்றான் ராக்கன். "நாட்டாமையே சொல்லிட்டாரு. ஒனக்கு வேணும்னா ஒம்புருசன இன்னொண்ணு தைக்கச் சொல்லு. பெரிய தையல்காரனாத்தான் இருக்கான், சீக்கிரம் தச்சுருவான்."

ஞானமணி கம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். முதல் தடவையாக முழங்கையை மறைக்காமல் விட்டாள். முதல் அடி ராக்கனின் முழங்காலில். மடங்கினான். இரண்டாவது தோளில். சாய்ந்தான். மூன்றாவது தேவைப்படவில்லை, இருந்தாலும் தாடையில் ஒன்று கொடுத்தாள். போன வருசம் கொம்பு பட்டு விலகியிருந்த தாடை அதில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்று பிற்பாடு வைத்தியர் சொன்னாராம். ராக்கன் மல்லாந்து விழுந்தான்.

அவள் ஆத்மநாதனைப் பார்த்தாள்.

"விழுந்த மாட்டுத் துணிய எடுத்துக்கலாம்னு சொன்னீக. விழுந்த ஆளு துணிய எடுக்கக் கூடாதுன்னு எதுவும் விதி இருக்காங்க?"

ஆத்மநாதன் முதுகைத் தடவிக்கொண்டார். கம்பைப் பார்த்தார். "அப்புடி ஒண்ணும் எழுதல ஆத்தா" என்றார்.

ராக்கன் தலையிலிருந்து ரவிக்கையை உருவினாள். சாணி, ரத்தம், புழுதி, காளையின் எச்சில் எல்லாம் அதில் இருந்தது. அங்கேயே, திடல் நடுவில், போட்டிருந்த பழசின் மேலேயே அதை மாட்டிக்கொண்டாள். ஐந்து பொத்தானையும் நிதானமாக ஒவ்வொன்றாகப் போட்டாள். இடது கை முழங்கைக்கு ஒரு சாண் கீழே வந்தது, வலது கை ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது.

"இப்ப சிரிங்க பாப்பம்" என்றாள்.

நாலாயிரம் பேர் தரையைப் பார்த்தார்கள். எங்கோ ஒருத்தன் அடக்கிப்பார்த்து முடியாமல் தும்முவது போல ஒரு சத்தம் போட்டான். அவள் அந்தத் திசைக்குத் திரும்பினாள். அந்தத் திசையே காலியானது.

பிறகு புருசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் முகத்து மண்ணைத் துடைத்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் பத்தையும் அப்போதுதான் பார்த்தாள். பத்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கம்போடு தடவிக்கொண்டு வந்த ஆரோக்கியமுத்து மருமகளின் முதுகைத் தொட்டு, தையலை விரலால் வருடிப் பார்த்தார்.

"இதுக்காகவாடா?" என்றார்.

"ஆமாப்பா."

கிழவர் இன்னொரு தடவை வருடினார். "கெட்டித் தையலு" என்று முனகினார். மாட்டைப் பற்றி அன்றைக்கு அதற்குமேல் பேசவில்லை.

ஞானமணி கையைத் தூக்கிப் பார்த்தாள். தோள் வரைக்கும் போய் நின்றுவிட்டது.

"என்னங்க, கைக்குழி இறுக்குது" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"அப்புடியே இரு, கழட்டாத" என்றான் சந்தனராஜ். அவன் குரல் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டது. "வீட்டுக்குப் போயிப் பிரிச்சுத் தச்சுத் தாரேன்."

யாராவது கேட்காமல் விட்டிருப்பார்களோ என்று, விலாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவையும் சொன்னான்.